விரல் தானாகப் போன 'லெகசி'

லினக்ஸ் என்றாலே எனக்கு முத்தாபுதுப்பேட்டையில் நண்பன் மூர்த்தி வீட்டு மாடியறைதான். கல்லூரி நாட்களில் தெரிந்தவர்களின் லேப்டாப்புகளுக்கெல்லாம் விண்டோஸுக்குப் பதில் இயங்கும் லினக்ஸை அங்கேதான் ஏற்றுவோம். இருந்த ஒரே டேபிள் ஃபேனை லேப்டாப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, நாங்கள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். லேப்டாப்பின் அமைப்புகளை மாற்றும் பயாஸ் திரை வந்ததும், அது தொடங்கும் 'பூட்' முறையைப் பழைய 'லெகசி'க்கு மாற்றுவதுதான் எங்கள் பிள்ளையார் சுழி.

சென்ற மாதம் மேனாம்பேட்டில் எங்கள் வீட்டு லேப்டாப்பில் கூடுதலாக ஒரு எஸ்எஸ்டி டிரைவ் பொருத்தி, அதில் லினக்ஸ் போட்டேன். விரல் தானாகவே லெகசிக்குப் போனது. லினக்ஸ் அழகாக வந்தது. பழைய டிரைவில் இருந்த விண்டோஸைத்தான் காணோம்! மகள் தவழ்ந்த வீடியோக்கள் அதில்தான் இருந்தன. தப்பான டிரைவை அழித்துவிட்டேனோ என்று லேப்டாப்பை இரண்டு முறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன்.

"பாப்பா வீடியோ இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க" என்றாள் மனைவி.

வெகுநாள் பேசாத மூர்த்தியை போனில் கூப்பிட்டேன். கேட்டதும் சிரித்தான்.

"இன்னா மச்சான், இன்னும் லெகசியா? உன் விண்டோஸ் புது முறையில, யூஇஎஃப்ஐல போட்டது. அதுக்கே திருப்பி உடு. எல்லாம் அங்கியேதான் கீது."

திருப்பினேன். விண்டோஸ் வந்தது, வீடியோவில் மகளும் தவழ்ந்தாள். லினக்ஸை யூஇஎஃப்ஐ முறையிலேயே மறுபடி போட்டேன்.

இப்போதெல்லாம் எதையும் மாற்றுமுன் பயாஸ் திரையைப் படமெடுத்து மூர்த்திக்கு அனுப்பிவிடுகிறேன். பார்த்துவிட்டு போனில் சொல்ல அவனுக்கு ஒரு நிமிடம் போதும். நாங்கள் போனை வைக்கத்தான் ஒரு மணி நேரமாகிறது.