கோயில் உப்புக்கு வந்த மான்

பன்றி வேட்டைக்கான உரிமம் கிடைக்க இரண்டு மாதம் இருக்கும்போது சித்தப்பா என்னிடம் ஒரு கேமராவைக் கொடுத்தார். மரத்தில் கட்டிவிட்டால் எதிரே எது நடமாடினாலும் தானாகவே படம் பிடித்து, சிம் கார்டு வழியாகக் கைப்பேசிக்கு அனுப்பிவிடும். மெர்போக்கில் காட்டை ஒட்டி அவருக்கு எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் இருக்கிறது. பன்றிகள் கன்றுகளின் குருத்தைத் தின்றுவிடுவது உண்மை. நானே பார்த்திருக்கிறேன்.

"ஃபேக்டரில நாளெல்லாம் கேமராவத்தான நோண்டிக்கிட்டு இருக்க. எத்தன பன்னி வருதுன்னு பாத்துச் சொல்லு லா," என்றார்.

கூலிமில் ஒரு தொழிற்சாலையில் கேமரா லென்ஸ்களைச் சோதிப்பது என் வேலை. பன்றிகளை எண்ணிச் சொன்னேன். பிறகு ஒருநாள், "மானு கீனு வருதான்னும் பாரேன். சும்மா, பாக்க ஆசையா இருக்கு," என்றார். மானைச் சுட இங்கே யாருக்கும் அனுமதி இல்லை. அது அவருக்கும் தெரியும் என்பதால் நம்பினேன். எனக்கும் பார்க்க ஆசைதான். அதை மறைக்கமாட்டேன்.

செய்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். முதலில் மாடுகளுக்கு வைக்கும் உப்புக்கட்டி: மழையில் கரைந்து வாய்க்காலோடு போனது. அடுத்து பழுத்த பலா: குரங்குகள் தின்றன. மூன்றாவதாக உப்புக் கலந்த தவிடு: எதுவும் வரவில்லை. கொசுத் தைலம் தடவிய கையால் நான் கேமரா வாரைக் கட்டியது காரணமாக இருக்கலாம் என்று ஓரத்தில் குறித்திருக்கிறேன்.

நான்காவது இடம் தற்செயலாகக் கிடைத்தது. தோட்டத்து எல்லையில் தகரக் கூரை போட்ட சின்ன மாரியம்மன் கோயில் உண்டு. மரு உதிரவும் அம்மை இறங்கவும் வேண்டிக்கொள்கிறவர்கள் பலிபீடத்தில் உப்பும் மிளகும் கொட்டுவார்கள். கோயிலைக் கூட்டும் அக்கா வெள்ளிக்கிழமைதோறும் அதைப் பின்பக்கமாகத் தள்ளிவிடுவார். யார் யாருடைய வேண்டுதலோ பல வருடமாக அந்தக் களிமண்ணில் ஊறியிருந்தது. மண்ணை நக்கி நக்கிக் குழியாக்கி வைத்திருந்தது ஏதோ ஒன்று. குழியைச் சுற்றிலும் பிளவுபட்ட சிறு குளம்புத் தடங்கள்.

துள்ளிக் குதித்தேன். சோப்புப் போடாமல் கைகழுவி, முழங்கால் உயரத்தில், வெயில் நேராக விழாத திசையில் கேமராவைக் கட்டினேன். மறுநாள் காலை ஏழு மணிக்குமேல் முதல் படம் வந்தது. மலாய்க்காரர்கள் கிஜாங் என்று சொல்லும் சிறிய மான். பெண் மான், கூடவே ஒரு குட்டி.

படத்தைச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பதினொரு நாள் பார்த்து, எந்தெந்த நேரத்தில் வருகிறது, எத்தனை நிமிடம் நிற்கிறது, எந்தப் பக்கமாகத் திரும்பிப் போகிறது என்று அட்டவணை போட்டு அதையும் அனுப்பினேன். யாரும் கேட்கவில்லை. வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டோம் என்ற பெருமைதான்.

ஒரு சனிக்கிழமை, பத்து மணி இடைவேளையில் கைப்பேசியைத் திறந்தேன். ஏழு படங்கள் வந்திருந்தன. மான் மண்ணை நக்குகிறது. மான் தலை நிமிர்கிறது. மூன்றாவதில் மான் தரையில் கிடக்கிறது. நான்காவதில் ரப்பர் பூட்ஸ் கால்கள். ஐந்தாவதில் சித்தப்பாவின் கூட்டாளிகள் இருவர் பின்னங்காலைப் பிடித்து அதை இழுக்கிறார்கள். ஆறாவதில் சித்தப்பா கேமராவுக்கு முன்னால் குனிந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார். எனக்காக. ஏழாவது, இருபது நிமிடம் கழித்து எடுத்தது. குட்டி மட்டும் அதே இடத்தில் நிற்கிறது.

மாலை பாடாங் செராய் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா சொன்னார், "சித்தப்பா கறி குடுத்துட்டுப் போனாரு. உன் பங்காம்."

அவர்கள் வழக்கம் எனக்குத் தெரியும். துப்பாக்கிக்கு ஒரு பங்கு, நாய்க்கு ஒரு பங்கு, தடம் காட்டினவனுக்கு ஒரு பங்கு. பையை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சந்திலிருந்த அவர் வீட்டுக்குப் போனேன். மூன்று பேரும் முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன பாப்பா, பத்தலையா?" என்றார் கூட்டாளிகளில் ஒருவர்.

பையை மேசைமேல் வைத்தேன். "பன்னின்னுதான சொன்னீங்க சித்தப்பா?"

"பன்னியப் பாக்கத்தான் போனோம். மானு குறுக்க வந்துருச்சு."

"குறுக்க வரல. எப்பவும் வர்ற நேரத்துக்குத்தான் வந்துச்சு. நேரத்த எழுதிக் குடுத்ததே நான்தான்."

"அதான் கேமராவுக்கும் ஒரு பங்கு வச்சோம்ல!" என்று மற்றவர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"ஆத்தா கோயில் வாசல்ல வந்து நிக்கிதுன்னா அவளே அனுப்பி வச்சதுதான்," என்றார் சித்தப்பா. "வேணாங்க முடியுமா?"

"ஆத்தா அனுப்பல. நான் அனுப்புனேன். குட்டி திரும்பி வந்து நின்னுச்சு, அதையாச்சும் பாத்தீங்களா?"

சிரிப்பு நின்றது. சித்தப்பாவின் குரல் மாறியது. "அந்த போட்டோ எல்லாத்தையும் அழிச்சிரு. வெளிய போச்சுன்னா மூணு பேரையும் உள்ள வச்சிருவான். வெளங்குதா?"

"அழிக்க மாட்டேன்."

"ரொம்பப் படிச்சிட்டாளுங்க," என்றார் கூட்டாளி.

என் பின்னாலேயே வந்துவிட்ட அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். வழியெல்லாம் ஒரே பேச்சு. "அப்பா போனதுக்கப்புறம் அந்த எடத்துல நிக்கிறவரு. ஒரு மானுக்காகவா காட்டிக் குடுக்கப் போற?"

மானுக்காக மட்டும் இல்லை. என் கண்ணையும் கையையும் என்னைக் கேட்காமல் துப்பாக்கியோடு சேர்த்துக் கட்டினார்கள். அதற்குக் கூலியாக ஒரு பை கறி. நன்றி என்று கட்டைவிரல் வேறு. அந்தக் கட்டைவிரலை நினைத்தால் இப்போதும் என் காது சூடாகிறது.

மறுநாள் வனவிலங்கு அதிகாரிகளுக்கு ஏழு படங்களையும் அனுப்பினேன். இடத்தின் வரைபடம், அட்டவணை, என் பெயர், கேமராவைக் கட்டியது நான் என்ற வாக்குமூலம். ஆறாவது படத்தில் முகத்தை மட்டும் மறைத்துவிடலாமா என்று யோசித்தேன். மறைக்கவில்லை. அனுப்பிவிட்டதைச் சித்தப்பாவிடம் நானே போய்ச் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டார்.

விசாரணைக்கு எல்லோரையும் ஒரே நாளில் கூப்பிட்டார்கள். ஒரே நீள பெஞ்சில் அவர் ஒரு முனையில், நான் மறுமுனையில். அதிகாரி அட்டவணையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த இடத்தைக் கண்டுபிடித்தது யார் என்று மலாய் மொழியில் கேட்டார். கூட்டாளிகள் இருவரும் தரையைப் பார்த்தார்கள். சித்தப்பா வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து நின்று, "நான்," என்றேன்.