நாலாம் பாட்டில் இருந்த கிட்டார்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது, ஒன்று செத்துப்போன என் நாத்தனார் பெற்றது. படிப்பு மூன்றாம் வகுப்பு. அதற்கு மேல் தெரிந்த எழுத்தெல்லாம் சர்ச்சில் கீர்த்தனைப் புத்தகத்தைப் பார்த்துப் பாடிப் பழகியது. கை மெதுவாகத்தான் ஓடும். ஆனால் காது விஷயத்தில் நான் யாருக்கும் இளைத்தவள் இல்லை. பாட்டுக் குழுவில் முப்பது பேர் பாடினாலும், யார் சுருதி விலகினார் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வேன். இன்று காலை வரை இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிரேசர் டவுனில் சின்ன மகள் வீட்டில் இருக்கிறேன். அவள் மகளுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. போக வர கம்பெனி வண்டியில் நான்கு மணி நேரம். அந்த நேரமெல்லாம் பாட்டுத்தான் கேட்பாள். ராக், ஆல்டர்னேட்டிவ் என்று அதற்குப் பேர். புதிதாக வருகிற ஆல்பங்களைத் தன் பழைய போனில் ஏற்றி, ஒயர் வைத்த பழைய இயர்போனோடு என்னிடம் கொடுத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே எப்படி இருந்தது என்று கேட்பாள்.

வார்த்தை எனக்குப் புரியாது. அதுவும் நல்லதுதான். வார்த்தை புரியாதபோதுதான் குரல் பொய் சொல்கிறதா என்று தெரியும். போன மாதம் வெள்ளைக்காரர் நான்கு பேருடைய ஆல்பம் கொடுத்தாள். மேளம் நெஞ்சில் இடித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். பாடுகிறவன் மட்டும் யார் மேல் கோபம் என்று தெரியாமலே பதினோரு பாட்டிலும் கத்தினான். அடுத்தது ஒரு பெண். மூக்கடைத்த குரல், படுத்தபடி கூரையைப் பார்த்துப் பாடுகிற மாதிரி. அவரைக்கொட்டை பிதுக்கிக்கொண்டே அதை இரண்டு தடவை கேட்டேன். இன்னொன்று, ரம்பம் மரத்தை அறுக்கிற மாதிரி ஒரே இரைச்சல். எட்டாம் பாட்டில் எல்லாம் நின்று ஒருவன் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அங்கே எனக்குக் கண் கலங்கியது. பேத்தியிடம் சொல்லவில்லை. மொத்தத்தில் இந்தக் காலத்து ஆல்பங்கள் பாதிச் சாப்பாட்டில் இலையை எடுத்த மாதிரி இருக்கின்றன என்று தீர்ப்புச் சொன்னேன். அவள் சிரித்து, அதைப் போனில் எழுதித் தோழிகளுக்கு அனுப்பினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளுடைய ஆல்பத்தையே கொண்டுவந்தாள். இவள் பாட்டு, கல்லூரித் தோழி கிட்டார். ஈஜிபுராவில் தோழியின் வாடகை அறையில், ஜன்னலுக்கு மெத்தையைச் சாத்தி வைத்து, இரண்டு வருஷமாகச் செய்தது. எட்டுப் பாட்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்பிவிட்டால் உலகமே கேட்கலாமாம். அதற்கப்புறம் எதையும் மாற்ற முடியாதாம்.

"எல்லாரும் சூப்பர் சூப்பர்ங்கறாங்க ஆயா. நீதான் சும்னே நல்லாருக்குன்னு சொல்லமாட்ட. நீ சொல்லு" என்றாள்.

கேட்டேன். மூன்று பாட்டு நன்றாக இருந்தது. நாலாவது அவள் மெதுவாகப் பாடுகிற பாட்டு. அதில் அவள் குரல் மட்டும் வெறும் வீட்டில் நடக்கிற மாதிரி இருந்தது. தாங்கவில்லை எனக்கு.

"இதுல நீ தனியா நின்னு அழுவற கண்ணு. பக்கத்துல ஒருத்தரும் இல்ல" என்றேன்.

"கிட்டார் இருக்குதே ஆயா."

"இருந்தா என் காதுக்குக் கேட்டிருக்கும்."

தன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அன்றைக்கே தோழியிடம், உன் கிட்டார் எட்டவே இல்லை, மறுபடி வாசி என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் அந்தப் பாட்டுக்குத்தான் ஒரு மாதம் உழைத்தாளாம். உங்கள் ஆயா சொன்னதற்காக நான் வாசித்தது இல்லாமல் போய்விடுமா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். கடைசியில் நாலாம் பாட்டை எடுத்துவிட்டு ஏழு பாட்டாக அனுப்புவது என்று பேத்தியின் முடிவு. ஞாயிறு தவறாமல் வந்து என் கையால் சாப்பிடுகிற பெண், நான்கு நாளாகப் பேத்தியோடு பேசுவதில்லை. ஆயா சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று பேத்தி நேற்றுகூடச் சொன்னாள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

இன்று வியாழக்கிழமை. காலையில் இயர்போன் வலது பக்கம் பேச்சுமூச்சு இல்லாமல் போய்விட்டது. எப்போதும் வலதைத்தான் போடுவேன். இடது ஒயர் மார்பில் தொங்கும். தங்கவயலில் சுரங்க லைன் வீட்டில் இருபத்தாறு வருஷம் இருந்தவள் நான். புருஷன் பூமிக்குள்ளே இருக்கும்போது ரேடியோ வைத்தாலும், பேசினாலும், தூங்கினாலும், ஒரு காதைச் சுரங்கத்துச் சங்குக்கு விட்டுவைப்போம். நேரம் தவறி ஊதினால் உள்ளே விபத்து என்று அர்த்தம், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். அந்தச் சுரங்கமும் இல்லை, அவரும் இல்லை. இடது காதை மூட மட்டும் இன்னும் மனசு வருவதில்லை.

இன்று வேறு வழியில்லாமல் இடது ஒயரை எடுத்து மாட்டினேன். போன் நாலாம் பாட்டில் நின்றிருந்தது. பேத்தியின் குரல் எங்கோ தூரத்தில். பக்கத்தில் கிட்டார். அவள் ஒரு வரி பாடி நிறுத்துகிற இடத்திலெல்லாம் அது மெல்லப் பதில் சொன்னது. ஒயரின் அடிப்பக்கத்தை விரலால் நெருக்கிப் பிடித்தபோது வலதும் ஒரு நிமிஷம் உயிர் வந்து, வலதில் அவள் குரலும் இடதில் கிட்டாரும் சேர்ந்து கேட்டது. 

பேத்திக்குப் போன் செய்தேன். மீட்டிங்காம், எடுக்கவில்லை. மகளிடம் சொன்னேன். "உனக்கு இன்னாத்துக்கும்மா இந்த வேலை" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். கேட் வரைக்கும் ஆறு தடவை நடந்தாகிவிட்டது. சோறு குழைந்துவிட்டது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. அந்த நான்கு வெள்ளைக்காரருக்கும் இடது பக்கத்தில் பதில் சொல்ல ஆள் இருந்திருப்பான். பாதி இலை வைத்துக்கொண்டு சாப்பிட்டது நான்தான். அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இவளுக்கு ஒரு பாட்டும் ஒரு தோழியும் போகிறது.

வாயால் சொல்லலாம். சொல்லத் தொடங்கினால் ஒயர் கெட்டது, போன் பழையது என்று என் வாய் சுற்றிவளைக்கும். அது எனக்குத் தெரியும். அதனால்தான் மதியத்திலிருந்து இந்த நோட்டில் எழுதுகிறேன். நீ நன்றாகத்தான் செய்தாய், உன் தோழி அதைவிட நன்றாகச் செய்தாள். பாதியைக் கேட்டுவிட்டு முழுசுக்கும் தீர்ப்புச் சொன்னது நான்.

கேட் திறக்கிற சத்தம் கேட்கிறது. வந்துவிட்டாள்.

வா கண்ணு. சண்டே ஸ்கூலில் படித்த தமிழ் உனக்குப் போதும், மெதுவாகப் படித்தாலும் பரவாயில்லை. முதலில் உன் தோழிக்குப் போன் போடு. எடுக்காவிட்டால், ஆயா கூப்பிடுகிறாள் என்று செய்தி அனுப்பு, எடுப்பாள். அவளுக்கும் கேட்கிற மாதிரி போனை மேஜையில் வைத்துவிட்டு, இதை முதல் வரியிலிருந்து எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு.