வரிசை அக்கா

"லிஃப்ட் இருக்கட்டும் சார், படியிலயே ஏறி வாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, மூன்றாம் மாடியில் தன் சுற்றுலா முகவர் அலுவலகக் கதவை அகலத் திறந்து, நாற்காலியை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார் வரிசை அக்கா. லிஃப்ட்டில் ஒரு கோளாறும் கிடையாது. வெளிநாட்டுக் கேளிக்கைப் பூங்காவுக்குப் போக வேண்டும் என்று வருகிற குடும்பம் எந்த வரிசையில் மேலே வந்து சேர்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் முதலில் வந்து சேர்ந்தவன் நான், கையை வீசிக்கொண்டு. பத்துப் படிக்குப் பின்னால் மகள். அவளுக்கும் பின்னால் மனைவி. ஒரு தோளில் தன் கைப்பை, மறு தோளில் மகளின் பள்ளிப் பை, கையில் "கொஞ்சம் பிடி" என்று நான் கீழே கொடுத்த குடை.

"சரி" என்று சொல்லி ஒரு தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். என்ன குறித்தீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வாடிக்கையாளர்கள் அவருக்கு வைத்த பெயர் வரிசை அக்கா. எந்தப் பூங்காவில் எந்த விளையாட்டுக்கு எத்தனை மணிக்குப் போனால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எந்த இடத்தில் நிழல், எங்கே கழிப்பறை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஐம்பது தாண்டியவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே மேசை முழுக்கத் தேடுவார். இதற்கு முன் ஒரு விமான நிறுவனத்தில் புகார்ப் பிரிவில் இருந்தாராம். "பதினாலு வருஷம் திட்டு வாங்கியே வயிறு நெறஞ்சது சார். இப்ப யாரு கத்தினாலும் எனக்குப் பாட்டு கேக்குற மாதிரிதான் இருக்கு."

அவருடைய அறைக் கதவின் நிலையில் பென்சில் கோடுகள் ஏணி மாதிரி ஏறுகின்றன. ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் எண் இல்லை. இந்த உயரம் இருந்தால் எதில் ஏற விடுவார்கள் என்று எழுதியிருக்கிறது. வருகிற குழந்தைகள் எல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே நிற்க வேண்டும். என் மகளும் நின்றாள்.

"குதிகாலத் தூக்காத கண்ணு. அங்க அளக்கிறவங்க என்னைவிடப் பொல்லாதவங்க."

நாங்கள் சுற்றுலாவுக்குப் பதிவு செய்ய அவரிடம் போகவில்லை. பதிவெல்லாம் நானே செய்து முடித்திருந்தேன். அதுதான் பிரச்சினை.

நான் பத்திரிகை ஒன்றில் பிழை திருத்துபவன். இருபத்திரண்டு வருடங்களாக அடுத்தவர் எழுத்தில் விடுபட்ட ஒற்றைத் தேடிப் பிடித்துச் சிவப்பு மையால் சுழித்துச் சாப்பிடுகிறவன். முகவருக்கு எதற்கு வீணாகக் கூலி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கணினி முன் உட்கார்ந்து, ஜூன் நான்காம் தேதிக்கு விமானச் சீட்டும் பூங்கா அனுமதிச் சீட்டும் வாங்கிவிட்டு, தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் "இதெல்லாம் ரொம்ப சுலபம்ங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். இரண்டு வாரம் கழித்துப் பூங்காவிலிருந்து ஒரு கடிதம்: ஏப்ரல் ஆறாம் தேதி உங்களை வரவேற்க ஆவலோடு காத்திருக்கிறோம். நான் தட்டியது 4/6. அந்த ஊரில் மாதத்தை முன்னால் போட்டுத் தேதியைப் பின்னால் எழுதுவார்களாம். கடிதத்தின் அடியில் சின்ன எழுத்தில், இந்த வகைச் சீட்டை மாற்ற இயலாது என்றும் இருந்தது. சின்ன எழுத்தைப் படிப்பதுதான் என் உத்தியோகம்.

மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "சரி விடுங்க. டிக்கெட் ஏப்ரல்ல போய்ட்டு வரட்டும், நாம ஜூன்ல போவோம்" என்றாள். இந்தப் பயணத்துக்காக அவள் இரண்டு வருடமாக ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் சேர்த்து வைத்திருந்தாள்.

வரிசை அக்கா முழுக் கதையையும் கேட்டார். சிரிக்கவில்லை. "படிச்சவங்கதான் சார் என்னை வாழ வைக்கிறீங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் தள்ளி, "நடந்தத உங்க கைப்பட எழுதுங்க. அத வச்சுத்தான் நான் பேசுவேன்" என்றார்.

எழுதினேன். அவர் கண்ணாடியைத் தேடிக் கண்டுபிடித்துப் படித்தார்.

"'குழப்பமான இணையதளம்'னு இருக்கே. வெட்டுங்க."

வெட்டினேன்.

"'எதிர்பாராத விதமாக'. என்னத்த எதிர்பாராம? நீங்கதான உக்காந்து தட்டினீங்க? வெட்டுங்க."

அதையும் வெட்டினேன். அரைப் பக்கம் மூன்று வரியாகச் சுருங்கியது. 'தேதியை நான்தான் தவறாகப் போட்டேன். என் மகளுக்கு இது இன்னும் தெரியாது. தயவுசெய்து மாற்றித் தாருங்கள்.'

"எனக்குத் தெரியுமேப்பா" என்றாள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த மகள். "அம்மா போன்ல பெரியம்மாகிட்ட சொல்லிச் சிரிச்சாங்களே."

நடு வரியும் போயிற்று.

வெளிநாட்டு அலுவலகங்களோடு அவர் நின்றுகொண்டுதான் பேசுவார். "உக்காந்து பேசினா குரல் கெஞ்சும் சார். நின்னு பேசினா கேக்கும்" என்பது அவர் கணக்கு. இணைப்புக் கிடைக்கும்வரை போனில் ஓடும் இசையைக் கூடவே முணுமுணுப்பார். எந்தப் பூங்காவுக்கு எந்த மெட்டு என்று கேட்டால் பாடியே காட்டுவார். அன்றைக்கு ஒரு மணி நேரம் நின்றார். மறுநாளும் நின்றார். முடியாது என்றார்களாம். "முடியாதுன்னு சொன்ன பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணு. அவளுக்கு மேல யாருன்னு அவளே சொல்லிட்டா" என்று சந்தோஷமாகச் சொன்னார். நான்காம் நாள் மதியம் மனைவிக்குப் போன் வந்தது. எனக்கு இல்லை. ஜூன் நான்குக்கே மாற்றிவிட்டார்கள்.

சீட்டு வாங்கப் போனபோதுதான் அடுத்த விசாரணை. வெளியே தாழ்வாரத்தில் என்னை நிற்க வைத்துவிட்டு, மகளிடம் தனியாகக் கேட்டார். கதவு சாத்தியிருந்தாலும் பிழை திருத்துபவனுக்குக் காது கூர்மை.

"உண்மையச் சொல்லு கண்ணு. அப்பா உனக்காகன்னு சொல்ற அந்தப் பெரிய ரோலர் கோஸ்டர் யாருக்கு வேணும்?"

"அப்பாவுக்கு. எனக்குப் பயம். மெதுவாப் போற படகு போதும். ஆனா சொல்லாதீங்க, அப்பா பாவம்."

மகளுக்காக மகளுக்காக என்று ஆறு மாதமாக நான் அடித்த தம்பட்டம் அந்தத் தாழ்வாரத்தில் சத்தமில்லாமல் அடங்கியது.

வரிசை அக்கா அந்தப் பூங்காவுக்குப் போயிருக்கிறார், ஒரே ஒரு முறை, தனியாக. வீட்டுக்காரர் மொட்டை மாடிக்கே ஏற மாட்டாராம். அங்கே இருந்த நான்கு நாளும் எதிலும் ஏறாமல், ஒவ்வொரு விளையாட்டிலும் இறங்குகிற வழிக்குப் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாராம். "ஏறுற எடத்துல எல்லாரும் சிரிப்பாங்க சார். எறங்குற எடத்துலதான் மொகம் பேசும்." அந்த நோட்டைப் பார்த்துத்தான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மணிவாரியாக ஒரு தாள் எழுதித் தருகிறார். எங்கள் தாளை மடித்து மனைவி கையில் கொடுத்தார்.

ஜூன் வந்தது, போனோம். பதினொன்றரை மணிக்கு மனைவியும் மகளும் படகுக்குப் போக, நான் ரோலர் கோஸ்டர் வரிசையில் நின்றேன். நாற்பது நிமிடம் நெஞ்சை நிமிர்த்தியே நின்றேன். எனக்கு முன்னால் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் பொய்ப்பல்லைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு உற்சாகமாக ஏறினார். அடுத்த பெட்டி எனக்கு. கதவு திறந்தது. கால் மட்டும் நகரவில்லை. ஏறாமல் திரும்புகிறவர்களுக்கென்று பக்கத்திலிருந்த ஒரு சின்னக் கதவைப் பணியாளர் கை காட்டினார். பழகிய கை.

படகுத் துறைக்குத் திரும்பினேன். என்ன சொல்லிச் சமாளிப்பது என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். மனைவி ஒன்றுமே கேட்காமல் நகர்ந்து இடம் விட்டாள். மகள் ஐஸ்கிரீமை நீட்டினாள். பெஞ்சில் விரிந்து கிடந்த தாளைப் பார்த்தேன். வட்ட வட்டமான கையெழுத்து.

'12.15: சார் திரும்பி வருவார். எதுவும் கேட்க வேண்டாம். நிழலில் உட்கார வையுங்கள்.'

அதில் ஒரு பிழையும் இல்லை. தேடிப் பார்த்தேன்.

மூன்று பேரும் அன்று மாலைக்குள் ஆறு தடவை படகில் போனோம். நாங்கள் இவ்வளவு சிரித்துப் பல வருடம் ஆகியிருந்தது.

ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து, நன்றி சொல்ல மகளோடு அவர் அலுவலகத்துக்குப் போனேன். நன்றியோடு நிறுத்தியிருக்கலாம். "அப்புறம் சார், அந்தப் பெரிய கோஸ்டர்?" என்று அவர் கேட்டதும் எனக்குள் இருந்த தம்பட்டக்காரன் எழுந்துகொண்டான்.

"அருமை அக்கா! கடைசித் திருப்பத்துல மட்டும் லேசா கண்ண மூடிட்டேன்."

மகள் என்னை ஒரு முறை பார்த்தாள். அப்புறம் கூரையைப் பார்த்தாள். வரிசை அக்கா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, வேர்த்து வழிந்துகொண்டிருந்த என் பக்கமாக மேசை விசிறியை மெல்லத் திருப்பி வைத்தார்.