அறுந்துபோக வேண்டிய நூல்

இன்று அஸர் தொழப் போன நேரத்துக்குள் என் வேலைக்கே உலை வைத்தாகிவிட்டது.

அறுகம்பேயில் நான் வேலை செய்யும் விடுதியில் ஒரு வெள்ளைக்காரர் தங்கியிருக்கிறார். கொக்கியில் இறகு கட்டி, பூச்சி மாதிரி வீசி மீன் பிடிப்பவர். அவர் தூண்டிலில் தடித்த வீச்சுக் கயிறு, அதன் முன்னால் மெலிந்துகொண்டே போகும் லீடர், நுனியில் தலைமுடி போல டிப்பெட். பெரிய மீன் இழுத்தால் டிப்பெட் மட்டும் அறும். விலைகூடிய கயிறும் தடியும் தப்பும்.

லீடரையும் தன்னிடமிருந்த கடைசி டிப்பெட் துண்டையும் தந்து, கட்டிவரச் சொன்னார். நான் போடும் முடிச்சு வழுக்கும். கல்முனையில் தூண்டில் கடை வைத்திருக்கும், அண்ணன் முறையில் நான் காக்கா என்று கூப்பிடுபவரிடம் கொடுத்துவிட்டுத் தொழப் போனேன்.

திரும்பி வந்தால் நுனியில் தடித்த தங்கூசி நைலான்.

"காக்கா, அந்த மெல்லிசு நூல் எங்க?"

"அதெல்லாம் ஒரு நூலா தம்பி? துண்டு துண்டா வெட்டி எறிஞ்சிட்டன். இப்ப ஆனையக் கட்டி இழுத்துப் பாரு, அறாது."

அதுதானே என் பயம்.

வேறு கடைகளிலும் கேட்டேன். அந்த நூலின் பெயரே யாருக்கும் தெரியவில்லை. காக்காவுக்கு நன்றியாக ஒரு ஜஸாக்கல்லாஹ் சொல்லிவிட்டு, விடுதிக்குத் திரும்பப் பொத்துவில் பஸ் ஏறினேன்.

விடிந்தால் வெள்ளைக்காரரோடு களப்புக்கு மீன் பிடிக்கப் போக வேண்டும். பெரிய மீன் வரட்டும் என்று துஆக் கேட்பதா, ஒன்றுமே வரக்கூடாது என்று கேட்பதா?

சீக்கிரம் சொல்லுங்கள். பஸ் திருக்கோவிலைத் தாண்டிவிட்டது.