கண்ணில் கோளாறு இல்லை

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை அவருக்கு. அந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் மீட்டர்காரர்தான். சொந்தப் பெயரைச் சொன்னால் மச்சினனே ஒரு கணம் யோசிப்பான்.

வசந்தம் பிறந்துவிட்டால் ஐந்தாறு வாரத்துக்கு அவர் மனசு ஊர்க்கோடியில் இருக்கும் கழிமுகத்தில்தான் கிடக்கும். வடக்கே குஞ்சு பொரிக்கப் போகிற உள்ளான், மூக்கன் முதலான கரைப்பறவைகள் வழியில் அங்கே இறங்கி, சேற்றைக் கிளறிப் புழு தின்று, உடம்பேற்றிக்கொண்டு கிளம்பும். கடல் ஏறும்போது தண்ணீர் அவற்றைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும். அப்போது கரைமேட்டில் தொலைநோக்கியை நிறுத்தி எண்ணுவார். பத்தொன்பது வருஷமாகக் கூலியில்லாத வேலை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துணி மடிக்கிற அவர் மனைவி, "எனக்குச் சக்களத்தி ஒருத்தியா ரெண்டு பேரா, பத்தாயிரம் பேரு" என்பாள்.

இந்த வருஷம் முதல் வாரம் எண்ணியபோது முந்நூற்றுச் சொச்சம்தான் தேறியது. போன வருஷம் இதே வாரம் ஒன்பதாயிரம். எதிர்க்காற்று, தாமதமாக வரும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். இரண்டாம் வாரமும் நானூற்றுப் பத்தைத் தாண்டவில்லை. அன்றைக்கே ஒரு வீட்டு மீட்டரில் மூன்றை எட்டு என்று எழுதிவிட்டு, அந்த வீட்டு அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். நடுத்தெருவில் திட்டு வாங்கிக்கொண்டு நின்ற மனிதருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. கோளாறு பறவையில் இல்லை, தன் கண்ணில்.

அரை நாள் விடுப்புப் போட்டுக் கண் டாக்டரிடம் போனார். சொட்டு மருந்து விட்டு, ஒரு மணி நேரம் உட்காரவைத்து, விளக்கடித்துப் பார்த்தார் அந்த இளம் பெண் டாக்டர்.

"கிட்டப் பாக்கற கண்ணாடிய மாத்தணும் சார், அவ்வளவுதான். தூரப் பார்வை பிரமாதமா இருக்கு."

"புரை ஏதாவது?"

"இல்ல."

"உள்ள நரம்புல?"

"எல்லாம் சுத்தமா இருக்கு."

"இன்னொரு தடவை பாத்துடுங்களேன். தூரத்துல இருக்கறது எனக்குத் தெரிய மாட்டேங்குது."

டாக்டர் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்கச் சொன்னார். தப்பாகப் படித்துவிட ஆசைதான். வாய் சரியாகவே படித்தது. "நோய் இல்லன்னதும் மூஞ்சி தொங்கிப்போன ஆளு நீங்க ஒருத்தர்தான் சார்," என்றார் டாக்டர்.

வீட்டில் மனைவியும் அதையே கேட்டாள். "நல்ல சேதிதானே, ஏன் இடிஞ்சுபோய் உக்காந்திருக்கீங்க?"

"நாளைக்கு நீ வந்து ஒரு தடவை எண்ணிச் சொல்லும்மா."

மறுநாள் அவளுக்கு வார விடுமுறை. ஒரு நாளும் அந்தப் பக்கம் வராதவள் உதட்டை அசைத்து அசைத்து எண்ணினாள். அவர் சேற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"நானூத்தி ரெண்டு."

"அந்த ஓடைக்கு அந்தப் பக்கம்?"

"வெறும் சேறுதாங்க."

"அங்க ஒரு பள்ளம் இருக்கு. அதுல இறங்கி உக்காந்திருக்கும்."

சொல்லிக்கொண்டே மேட்டிலிருந்து இறங்கிவிட்டார். கணுக்கால் புதைந்தது, பிறகு முழங்கால். இருந்த கொஞ்சப் பறவைகளும் அவரைக் கண்டு எழுந்து பறந்தன. இரை தின்கிற பறவையை எழுப்பியதற்காக எத்தனையோ நாய்களைக் கல்லெடுத்து விரட்டியவர் அவர். பள்ளத்தில் தண்ணீர்தான் இருந்தது. அப்படியே நின்றார்.

"ஏங்க, கடல் ஏறுது. வாங்க."

அவர் அசையவில்லை. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி வந்து முழங்கையைப் பிடித்தாள்.

"அத்தனையும் எங்கம்மா போச்சு?"

அவரை இழுத்துக்கொண்டு வந்து கரை சேர்த்தாள். அவருடைய ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று.

சாயங்காலம், எல்லா ஊர்க் கணக்கையும் வாங்கித் தொகுக்கிற கல்லூரி ஆசிரியைக்குப் போன் செய்தார். "டீச்சர், என் கணக்கைச் சேத்துக்காதீங்க. எங்கயோ தப்பு நடந்திருக்கு."

"அண்ணே, தெற்க ரெண்டு கழிமுகத்துலயும் இதே கதைதான். ஒருத்தர் தொலைநோக்கியவே ரிப்பேருக்குக் குடுத்துட்டாரு. எல்லாரும் அவங்கவங்க தப்புன்னே நினைச்சிருக்காங்க." பிறகு சொன்னார்: "இங்க வர்றதுக்கு முன்னாடி அதுக இறங்கற சேத்துல மூணு வருஷமா மண்ணைக் கொட்டி, இப்ப முழுசா மூடிட்டாங்களாம். அங்க தின்னாமப் பறந்தா இவ்வளவு தூரம் தாங்காது."

"வேற எங்கயாவது இறங்கியிருக்கும்ல?"

"தெரியலண்ணே."

நானூற்று இரண்டு என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகும் தினம் போனார். அறுபது, இருபத்திரண்டு என்று இறங்கி, கடைசி நாள் ஏழு இருந்தன. கடல் ஏறியதும் அவையும் எழுந்து ஒரு வட்டமடித்து வடக்கே போய்விட்டன. ஏழு என்று எழுதிவிட்டுக் கரைமேட்டிலேயே குந்தி, முகத்தைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதார். கூட வந்திருந்த மனைவி தொலைநோக்கியின் கால்களை மடிக்கப் பார்த்தாள். பழக்கமில்லாததால் இரண்டு தடவை விரல் நசுங்கியது. அவரை அவள் அவசரப்படுத்தவில்லை.