பஞ்சநாதன் இறக்கிய வெங்காயம்

வேப்பந்தட்டைப் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறவர் பஞ்சநாதன். ஒரு வெங்காயத்தை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தே எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். விதை வெங்காயத்தை மட்டும், வயலில் குவித்து மூடி வைக்கும் பட்டறையில் வைக்க மனம் வராது. தாளோடு கொத்தாகக் கட்டி, வீட்டு விட்டத்தில் தொங்கவிடுவார்.

அவருடைய ஒரே மகள் மஞ்சுவுக்கு எட்டு வயது. ரத்தப் புற்றுநோய்க்குத் திருச்சியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தபோது தலைவலியும் வலிப்பும் வந்தன. ஸ்கேனில் மூளைக்குள் பூஞ்சைக் கட்டி தெரிந்தது. காற்றில் எங்கும் இருக்கிற பூஞ்சைதான் அது. நம்மை ஒன்றும் செய்யாது. எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைகளுக்கு நுரையீரல் வழியாக மூளை வரை போய்விடும். பூஞ்சைக்கான மருந்து கொடுத்ததில் ஏழு வாரத்தில் கட்டி சுருங்கத் தொடங்கியது. மாத்திரையை வீட்டிலேயே தொடரலாம், ஆனால் வீடு சரியாக இருந்தால்தான் அனுப்புவேன் என்றார் டாக்டரம்மா.

“வீட்ல பூசணம் புடிச்ச பொருள் எதாவது இருக்கா?”

“எங்க வூடு சுத்தமா இருக்குங்க,” என்றார் பஞ்சநாதன்.

“பொய் சொல்லாதப்பா,” என்றாள் கட்டிலில் இருந்த மஞ்சு. “நான் படுக்கிற எடத்துக்கு மேலதான வெங்காயம் தொங்குது. காத்தடிச்சா கருப்பா மாவு கொட்டும். இவரு வாயால ஊதி விடுவாரு டாக்டர்.”

“அது பூசணம் இல்லங்க. கரி. எல்லா வெங்காயத்துலயும் இருக்கும்.”

“அந்தக் கரியும் பூசணந்தாங்க.”

இருபது வருடமாக அதை வேட்டியில் துடைத்தவர் பஞ்சநாதன். முகம் சுருங்கிவிட்டது. “அப்ப எம் புள்ளைக்கு நான்தான் குடுத்தேனா?”

“எங்கேர்ந்து வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. இனிமே வேணாம், அவ்வளவுதான்.”

மனைவியை மகளுக்குத் துணையாக விட்டுவிட்டு அன்றே ஊருக்குப் பஸ் ஏறினார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, வயல் பட்டறைக்குக் கொண்டுபோகக் கொத்துகளை அறுத்து இறக்கினார். பக்கத்து வீட்டு அரியமுத்து எட்டிப் பார்த்தார்.

“என்னண்ணே, வெங்காயத்தத் தனிக்குடித்தனம் வைக்கிறீங்களா?”

“வாய மூடிட்டு ஏணியப் புடிடா.”

அரியமுத்து ஏணியைப் பிடித்தார். பிறகு சுண்ணாம்பும் அடித்தார். நான்காம் நாள் மஞ்சு வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து வயலிலிருந்து திரும்பும் அப்பாவை வாசலிலேயே நிறுத்தி, குளித்த பிறகுதான் உள்ளே விட்டாள். வயல் பட்டறையில் விதையில் கால்வாசி அழுகியது. பஞ்சநாதன் அதை அள்ளிக் குப்பையில் கொட்டினார்.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி மிளகளவுக்கு வந்திருந்தது. திரும்பும் பஸ்ஸில் மாஸ்க் போட்ட மகளை ஜன்னலோரம் உட்கார வைத்தார்.

“எங்கண்ணே போவணும்?” என்றார் கண்டக்டர்.

“மிளகளவுதாங்க இருக்கு,” என்றார் பஞ்சநாதன்.