சுண்ணப் பாட்டுக் கேட்ட பேத்தி

ஒஸ்லோவில் பனி கொட்டுகிற சனிக்கிழமைகளில் என் பேத்தி நிலா முகம் முழுக்க வெள்ளை பூசி, கண்ணைச் சுற்றிக் கரி அப்பிக்கொண்டு நான் சமைக்கிற குசினிக்குள் வருவாள்.

“என்னடி, திருநீறு கூடிப்போச்சோ?”

“இது பிளாக் மெட்டல், அம்மம்மா. செத்த ஆளின்ரை வேசம்.”

“எங்கடை ஊரிலை செத்த ஆளையே இதைவிட வடிவாய் உடுத்தி வெளிக்கிடுத்துவினம்.”

இந்த நாட்டுப் பிள்ளைகள் தேவாலயத்தோடு கோபித்துக்கொண்டு கத்தத் தொடங்கிய இசையாம் அது. நிலாவின் குழு அதற்குள் கோயில் மணி, சங்கு, மந்திரம் என்று கண்டதையும் போட்டுப் புதிதாகச் சமைக்கிறது. கடவுளைத் திட்டுவதற்கு இவ்வளவு வயரும் பெட்டியும் எதற்கு? யாழ்ப்பாணத்தில் எங்கள் இணுவில் கந்தசாமி கோயில் வாசலில் நான் வெறும் தொண்டையாலேயே முருகனைத் திட்டியவள். அன்று வீதியில் நின்ற சனத்துக்கு ஞாபகமிருக்கும்.

போன மாதம் நிலா தன் குழுவின் இசைக்குள் போட என்னிடம் சுண்ணப் பாட்டுக் கேட்டாள். எங்கள் ஊரில் பிணத்தைக் கொண்டுபோக முன் உரலில் மஞ்சளும் அறுகம்புல்லும் போட்டுச் சுண்ணம் இடிப்பார்கள். இடிக்கும்போது அந்தப் பாட்டைப் பாடுவார்கள். செத்தவீட்டைத் தவிர வேறெங்கும் அதை வாய்விட்டுப் பாடமாட்டோம். இணுவிலில் எத்தனையோ வீடுகளில் நான் பாடியிருக்கிறேன். என் மகன் ரவிக்கு மட்டும் பாடவில்லை. சண்டையின் கடைசி மாதங்களில் வன்னியில் காணாமல் போனவன். உடலும் வரவில்லை, செய்தியும் வரவில்லை. சொந்தக்காரர் காரியம் செய்யச் சொன்னார்கள். நான் செய்யவில்லை.

நிலாவோடு டிரம் அடிக்கும் நோர்வேப் பெடியன் மைக்கை என் முன்னால் வைத்தான். நான் சேலைத் தலைப்பை மடித்துக்கொண்டிருந்தேன். அவன் நிலாவிடம் ஏதோ கேட்டான்.

“பாட்டு மறந்துபோச்சோ எண்டு கேக்கிறான், அம்மம்மா.”

“மறக்கேல்லை. பாடினா உன்ரை மாமா செத்துப்போனான் எண்டு நானே முடிச்சுவிட்ட மாதிரி. வேறை ஏதும் கேள்.”

அவள் அதைச் சொல்ல, அவன் மைக்கைக் கொஞ்சம் பின்னால் இழுத்துவைத்தான். பிறகு மெல்ல ஏதோ சொன்னான்.

“பாட வேண்டாமாம். கத்தினாப் போதுமாம். உவங்கடை இசையிலை அதுதான் பாட்டாம்.”

கத்தினேன். ஒழுங்கை முனையில் பந்தடித்துக்கொண்டு நிற்பவனைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, “ரவி, வாடா ராசா, சோறு ஆறுது” என்று. தொண்டை கிழிந்துபோயிற்று.

நேற்று அதை மேடையில் போட்டார்கள். வெள்ளை பூசிய பிள்ளைகள் மண்டபம் நிறைய நின்று, ஏதோ சாமியின் பெயர் என்று நினைத்து, கையை உயர்த்தி என் பிள்ளையைக் கூப்பிட்டார்கள். இணுவில் வீடு பூட்டிக் கிடக்கிறது. அங்கே அவனைக் கூப்பிட ஒருவருமில்லை. கூப்பிடுகிற இடத்துக்கோ அவனுக்கு வழி தெரியாது.